காமன்வெல்த் போட்டி எங்கள் தெருவுக்கு வந்தபோது: தில்லி, 2010

2030-ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி அகமதாபாத்தில்தான் என்று 2025 நவம்பர் இறுதியில் உறுதியான அன்று இரவே, அவ்வூரின் மணிநகரில் வசிக்கும் என் அக்கா மகள் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். மொடேரா மைதானத்துக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீடு விலைக்கு வந்திருக்கிறதாம். போட்டி நடக்கும் ஊரில் வீட்டு விலை நிச்சயம் ஏறும் என்று தரகர் சொல்கிறாராம். வங்கிக் கடன் எடுத்து அதை வாங்கிவிடலாமா என்று கேட்டாள். "சித்தி, தில்லியில் நீங்கள் இதையெல்லாம் வீட்டு வாசலிலேயே பார்த்தவர்கள். உங்களைக் கேட்காமல் யாரைக் கேட்பேன்?" என்றாள். வாங்கு, வாங்காதே என்று ஒரே சொல்லில் அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று அவளிடம் பாதியும் அதற்கடுத்த வாரங்களில் மீதியுமாகச் சொன்னவற்றை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

நானும் என் கணவரும் மத்திய அரசு ஊழியர்கள். 2010-இல் எங்கள் குடும்பம் லோதி காலனியின் அரசுக் குடியிருப்பில் இருந்தது. மொட்டை மாடியில் நின்றால் ஜவாஹர்லால் நேரு மைதானத்தின் விளக்குக் கம்பங்கள் தெரியும். தொடக்க விழாவும் நிறைவு விழாவும் தடகளப் போட்டிகளும் அந்த மைதானத்தில்தான் நடந்தன. மாமியார், பன்னிரண்டு வயது மகள் ஆகியோரோடு அந்த ஆயத்தங்களுக்கு நடுவே வாழ்ந்தோம். எங்கள் வீட்டை யாரும் இடிக்க வரப்போவதில்லை என்ற பாதுகாப்போடு வாழ்ந்தோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த அனுபவத்தின் பெரும்பகுதி அந்தப் பாதுகாப்பு இல்லாதவர்களைப் பற்றியது.

தில்லிக்கு இந்தப் போட்டி 2003 நவம்பரில், ஜமைக்காவின் மாண்டிகோ பே நகரில் நடந்த வாக்கெடுப்பில் கிடைத்தது. கனடாவின் ஹாமில்டன் நகரத்தை 46-க்கு 22 என்ற வாக்குகளில் வென்றோம். ஏழு ஆண்டு அவகாசம் இருந்தது. ஆனால் முதல் மூன்று, நான்கு ஆண்டுகள் எங்கள் பகுதியில் ஒரு செங்கல்கூட நகரவில்லை. 2008-க்குப் பிறகுதான் ஒரே நேரத்தில் மைதானம், சாலை, மேம்பாலம், மெட்ரோ, நடைபாதை என்று எல்லாவற்றையும் தோண்டத் தொடங்கினார்கள். இந்தத் தாமதம்தான் பின்னால் வந்த பெரும்பாலான தீமைகளின் வேர் என்று நான் கருதுகிறேன். மற்ற அரசுப் பணிகளில் காலம் தவறினால் முடிக்கும் தேதியைத் தள்ளி வைக்கலாம். விளையாட்டுப் போட்டியின் தேதியை யாராலும் தள்ள முடியாது. எனவே கடைசி நேரத்தில் ஒப்பந்ததாரர் கேட்ட விலை கொடுக்கப்படுகிறது, சரிபார்க்கும் படிகள் தாண்டப்படுகின்றன, "நாட்டின் மானம்" என்ற ஒரு சொல் எல்லாக் கேள்விகளுக்கும் பதிலாகிவிடுகிறது. 2011 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை இதைத்தான் விரிவாகச் சொன்னது. போட்டியைக் கேட்டபோது 1,200 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்ட அரசின் செலவு 18,532 கோடியானது என்ற கணக்கும் அந்த அறிக்கையில்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் ஊருக்கு ஒரு பெரிய போட்டி வருமானால், பளபளக்கும் மாதிரிப் படங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, முதல் இரண்டு ஆண்டுகளில் எந்தெந்த வேலைக்கு ஒப்பந்தம் முடிந்தது என்று கவனியுங்கள். அந்த ஆண்டுகள் வெறுமனே கழிந்தால் அதற்கான விலையைக் கடைசி இரண்டு ஆண்டுகளில் ஊர் கொடுக்கும்.

2009 கோடையிலிருந்து எங்கள் தெருவில் தூசி ஓயவே இல்லை. நன்றாக இருந்த நடைபாதைக் கற்களைப் பெயர்த்து எடுத்துவிட்டுப் புதிய கற்களைப் பதித்தார்கள். பிறகு கம்பி புதைக்க அதே இடத்தை மீண்டும் தோண்டினார்கள். ஆஸ்துமா உள்ள என் மாமியார் அந்த ஓராண்டில் மூன்று முறை மருத்துவமனையில் சேர்ந்தார். சன்னல்களுக்கு ஈரத்துணி கட்டுவதும், காலை பத்து மணிக்குப் பிறகு அவரை வெளியே அனுப்பாமல் இருப்பதும் நாங்களாகக் கண்டுபிடித்த வைத்தியங்கள். வீட்டில் முதியவரோ குழந்தையோ மூச்சுத் தொல்லையோடு இருந்தால், மைதானத்துக்கு அருகில் குடியிருப்பதைக் கட்டுமான ஆண்டுகளில் மட்டுமாவது தவிர்க்க முடியுமா என்று பார்க்க வேண்டும். அரசுக் குடியிருப்பில் வேறு பகுதிக்கு மாற்றம் கேட்க எனக்கு வழி இருந்தது. ஒரு கோடைதானே, முடிந்துவிடும் என்று நினைத்துக் கேட்காமல் விட்டேன். இரண்டு கோடைகள் அப்படியே போயின.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக் கொடுக்க ஓர் அக்கா வருவார். கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து எண்பதுகளில் கணவரோடு தில்லிக்கு வந்தவர். ஜங்புராவில் பாராபுல்லா நாலா என்னும் பெரிய வடிகாலை ஒட்டி, தமிழ்நாட்டிலிருந்து வந்த தலித் குடும்பங்கள் பல ஆண்டுகளாகக் குடிசை போட்டு வாழ்ந்தன. அவருடைய வீடும் அங்கேதான் இருந்தது. நடந்து வந்தால் எங்கள் வீட்டுக்கு இருபத்தைந்து நிமிடம். லோதி காலனி, நிஜாமுத்தீன், ஜங்புரா எக்ஸ்டென்ஷன் வீடுகளில் சமையலும் துப்புரவும் அந்தப் பெண்களின் உழைப்பில்தான் நடந்தன. போட்டியாளர் குடியிருப்பையும் நேரு மைதானத்தையும் இணைக்க அதே நாலாவுக்கு மேலேதான் மேம்பாலச் சாலை எழும்பியது. 2010 ஏப்ரலில், போட்டிக்கு வரும் பேருந்துகளை நிறுத்த இடம் வேண்டும் என்று அந்தக் குடியிருப்பின் ஒரு பெரும் பகுதி இடிக்கப்பட்டது. 350-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒரே நாளில் வீடிழந்தன. வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டிய நாட்கள் அவை.

அக்காவுக்கு மாற்று வீடோ இழப்பீடோ எதுவும் கிடைக்கவில்லை. அதற்கான காரணத்தை அவர் சொன்னபோது நான் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். இடிப்புக்குப் பல மாதங்களுக்கு முன்பு கணக்கெடுக்க வந்த ஊழியர்கள் பகல் பதினொரு மணிக்கு வந்திருக்கிறார்கள். அக்காவின் வீடு பூட்டியிருந்தது. பூட்டிய வீடு என்று குறித்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போய்விட்டார்கள். அந்த நேரத்தில் அவர் எங்கள் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். பின்னர் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டபோது ரேஷன் அட்டையைக் காட்டச் சொன்னார்கள். அட்டை இறந்துபோன கணவர் பெயரில் இருந்தது, அதுவும் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. வாக்காளர் அட்டையில் அவருடைய பெயரை இந்தியில் எழுதியவர் வேறு ஒருவரின் பெயர்போல எழுதியிருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த மண்ணில் வாழ்ந்த ஒரு மனுஷிக்கு அங்கே வாழ்ந்ததற்கு ஒரு தாள்கூடச் சாட்சி சொல்லவில்லை.

அவர் கிழக்குத் தில்லியில் திரிலோக்புரியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். நாங்கள் அப்போது அவருக்குக் கொடுத்த மாதச் சம்பளம் 1,200 ரூபாய். பேருந்துக் கட்டணம் 2009 நவம்பரில் உயர்ந்து, தொலைவான பயணத்துக்கு 15 ரூபாய் ஆகியிருந்தது. போக வர ஒரு நாளைக்கு 30, மாதம் 26 நாட்களுக்கு 780 ரூபாய். முன்பு நடந்து வந்து நான்கு வீடுகளில் வேலை செய்தவர், இப்போது பயண நேரம் போக இரண்டு வீடுகளில்தான் செய்ய முடிந்தது. போட்டியால் நகரத்துக்கு எத்தனை கோடி லாபம், எத்தனை கோடி நட்டம் என்று தொலைக்காட்சியில் விவாதிப்பார்கள். எனக்கு அந்த 780 ரூபாய்தான் நினைவுக்கு வரும். நாங்கள் சம்பளத்தைக் கூட்டினோம், பேருந்துப் பாஸ் வாங்கிக் கொடுத்தோம். போன வீட்டுக்கு அது ஈடாகவில்லை.

இதிலிருந்து நான் கற்றதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்ல விரும்புகிறேன். உங்கள் வீட்டில் வேலை செய்பவர் போட்டி இடத்துக்கு அருகிலோ, புதிய சாலை போகும் வழியிலோ, நீர்வழிக் கரையிலோ குடியிருந்தால், அவருடைய தாள்களை இப்போதே எடுத்து வரச் சொல்லிப் பாருங்கள். எல்லா அடையாள அட்டைகளிலும் பெயரும் முகவரியும் ஒன்றாக இருக்கின்றனவா, வீட்டுத் தலைவர் பெயர் உயிரோடு இருப்பவருடையதா, மின்கட்டண ரசீது அவர் பெயரில் வருகிறதா என்று சரிபார்க்க ஒரு மாலை நேரம் போதும். மறுவாழ்வுக்கான தகுதியை ஒரு குறிப்பிட்ட தேதிக்கு முன்பிருந்தே அங்கு வாழ்ந்ததை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள் என்பதால், பழைய தாள் ஒவ்வொன்றும் புதிய தாளைவிட மதிப்புள்ளது. பிள்ளையின் பள்ளிச் சான்று, தடுப்பூசி அட்டை, பழைய ரேஷன் அட்டை எதையும் எறிய வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு தொகுதி நகல் உங்கள் வீட்டில் இருக்கட்டும். கணக்கெடுப்பு நடக்கப்போகிறது என்று காதில் விழுந்தால், அந்த நாட்களுக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்து வீட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள். நான் அந்த ஒரு நாள் விடுப்பைக் கொடுத்திருந்தால் அக்காவின் பெயர் பட்டியலில் இருந்திருக்கும்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதும் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறு நிதியிலிருந்து 600 கோடி ரூபாய்க்கு மேல் போட்டி தொடர்பான பணிகளுக்குத் திருப்பப்பட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு தன்னார்வ அமைப்பு பெற்ற பதில்களின் வழியாக அது வெளியே வந்தது, பிறகு நாடாளுமன்றத்திலும் ஒப்புக்கொள்ளப்பட்டது. நாலாக் கரையில் வீடிழந்த தலித் குடும்பங்கள் போன்றவர்களுக்காகவே ஒதுக்கப்பட்ட வகை நிதி அது என்பதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். எங்கள் குடியிருப்போர் சங்கம் நடைபாதைக் கற்களைப் பற்றி மட்டும் ஒரு விண்ணப்பம் போட்டது, அதுவும் 2010 ஜூலையில். விடை வந்து சேர்வதற்குள் கல் பதித்து முடித்துவிட்டார்கள். கேள்வி கேட்க வேண்டுமென்றால் திட்ட மதிப்பீடு தயாராகும் காலத்திலேயே கேட்க வேண்டும்.

மைதானத்தைக் கட்டிய தொழிலாளர்கள் பிகார், சத்தீஸ்கர், புந்தேல்கண்ட் பகுதிகளிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள். நாங்கள் மாலை நடைக்குப் போகும் வழியில் நீல நிறத் தார்ப்பாயின் கீழ் சோறு பொங்கும் பெண்களையும், ஜல்லிக் குவியலின் மேல் தூங்கும் குழந்தைகளையும் பார்ப்போம். 2010 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு குழுவை அமைத்தது. முன்னாள் தூதர் அருந்ததி கோஷ் அதன் தலைவர். குறைந்தபட்சக் கூலி கொடுக்கப்படாததையும் தங்குமிடங்களின் அவலத்தையும் அந்தக் குழு பதிவு செய்தது. எங்கள் தெருப் பெண்கள் நான்கைந்து பேர் பால் பவுடரும் பழைய ஸ்வெட்டரும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர்களுக்கு உண்மையில் தேவைப்பட்டவை கூலிச் சீட்டும் குழந்தைகள் காப்பகமும்தான், அவற்றைக் கேட்டு நாங்கள் ஒரு மனுக்கூட எழுதவில்லை.

செப்டம்பர் மாதம் மழையும் டெங்குவும் அச்சமுமாகக் கழிந்தது. யமுனை கரை மீறி, ஆற்றுப்படுகையில் அக்ஷர்தாம் கோயிலுக்கு அருகில் கட்டிய போட்டியாளர் குடியிருப்பின் ஓரம்வரை தண்ணீர் வந்தது. செப்டம்பர் 21-ஆம் தேதி பிற்பகல், மைதானத்துக்கு வெளியே கட்டிக்கொண்டிருந்த நடைமேம்பாலம் சரிந்து விழுந்தது. அந்தச் சத்தம் எங்கள் தெருவரை கேட்டது என்று மாமியார் சொன்னார். இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். பிறகு இராணுவத்தின் பொறியாளர்கள் வந்து ஒரு வாரத்துக்குள் தற்காலிக இரும்புப் பாலம் கட்டினார்கள். பாலம் விழுந்தபோது தொடக்க விழாவுக்குப் பன்னிரண்டு நாட்களே இருந்தன.

அக்டோபர் 3 முதல் 14 வரை நகரமே வேறு ஊர்போல ஆனது. பள்ளிகளையும் கல்லூரிகளையும் மூடினார்கள். தொடக்க நாளிலும் நிறைவு நாளிலும் கடைகள் அடைக்கப்பட்டன. சாலைகளில் போட்டி வாகனங்களுக்கென்று தனிப் பாதை ஒதுக்கி, அதில் நுழைந்த பிற வாகனங்களுக்கு அபராதம் விதித்தார்கள். பிச்சை எடுப்பவர்களை நடமாடும் நீதிமன்றங்கள் முன்னமே அப்புறப்படுத்தியிருந்தன. காய்கறித் தள்ளுவண்டிக்காரரும், துணி தேய்ப்பவரும், கன்னா மார்க்கெட் வாசலில் செருப்புத் தைப்பவரும் ஏறத்தாழ ஒன்றரை மாதம் காணாமல் போனார்கள். ஊருக்குப் போயிருந்தேன் என்று தேய்ப்பவர் திரும்பி வந்து சொன்னார். போகச் சொன்னது யார் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. குடிசைப் பகுதிகளை ஒட்டிய சாலை ஓரங்களில் ஷேரா என்ற புலிச் சின்னம் அச்சிட்ட பெரிய பதாகைகள் நின்றன. அந்தத் துணிக்குப் பின்னால் மனிதர்கள் சமைத்துக்கொண்டும் துணி துவைத்துக்கொண்டும் இருந்தார்கள்.

மைதானத்துக்கு அருகில் வீடு இருந்தால் அந்த இரண்டு வாரங்களுக்குச் சில முன்னேற்பாடுகள் கட்டாயம். எங்கள் பகுதிக்குள் வாகனத்தில் நுழைய முகவரிச் சான்றோடு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அதைப் பத்து நாட்களுக்கு முன்பே வாங்கிவிட்டோம். கடைசி இரண்டு நாட்களில் போன பக்கத்து வீட்டார் அரை நாள் வரிசையில் நின்றார்கள். மாமியாரின் மருந்துகளை ஒரு மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைத்தோம். இரவில் மூச்சுத் திணறல் வந்தால் எந்தத் தெரு வழியாக எந்த மருத்துவமனைக்குப் போக முடியும் என்று பாதுகாப்புப் பணியிலிருந்த காவலரிடம் நேரில் கேட்டு, தாளில் வரைந்து குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டினோம். அந்தத் தாள் அக்டோபர் 8-ஆம் தேதி இரவு பயன்பட்டது.

இவ்வளவு சொன்ன நான், அக்டோபர் 11-ஆம் தேதி மாலையையும் சொல்லியாக வேண்டும். நானும் மகளும் அன்று மைதானத்துக்கு நடந்தே போனோம். முதல் சில நாட்கள் காலியாகக் கிடந்த இருக்கைகள் அதற்குள் நிரம்பத் தொடங்கியிருந்தன. பெண்களுக்கான வட்டு எறிதலில் கிருஷ்ணா பூனியா 61.51 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். ஹர்வந்த் கௌர் வெள்ளி, சீமா அந்தில் வெண்கலம். மூன்று மேடைகளிலும் நம் நாட்டுப் பெண்கள். காமன்வெல்த் தடகளத்தில் 1958-இல் மில்கா சிங் வென்றதற்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. கிருஷ்ணா பூனியா ஒரு குழந்தைக்குத் தாய் என்று பக்கத்து இருக்கையிலிருந்த பெரியவர் சொன்னதும், என் மகள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். தேசிய கீதம் ஒலித்தபோது எனக்கு முன்னால் நின்ற பாதுகாப்புப் படைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன். மறுநாள் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்திலும் நம் பெண்கள் தங்கம் வென்ற செய்தியை மாடியில் நின்றே மைதானத்தின் ஆரவாரத்திலிருந்து தெரிந்துகொண்டோம். சென்னையின் சரத் கமல் மேசைப்பந்து இரட்டையரில் சுபஜித் சாகாவோடு தங்கம் வென்றதைத் தெருவிலிருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து கேசரி கிளறிக் கொண்டாடினோம். 38 தங்கங்களோடு மொத்தம் 101 பதக்கங்கள் பெற்று இந்தியா இரண்டாம் இடம் பிடித்தது. அந்த மகிழ்ச்சியைப் பொய் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

அந்த மகிழ்ச்சி நிலைத்ததா என்றால், ஒரு சிறு வழியில் நிலைத்தது. 2011-இல் இந்திய விளையாட்டு ஆணையம் தில்லியின் பெரிய மைதானங்களைக் குறைந்த கட்டணத்தில் பொதுமக்களின் பயிற்சிக்குத் திறந்துவிட்டது. என் மகள் இரண்டு ஆண்டுகள் அங்கே ஓட்டப் பயிற்சிக்குப் போனாள். பதக்கம் எதுவும் வாங்கவில்லை. ஆனால் கிருஷ்ணா பூனியா நின்ற அதே புல்தரையின் ஓரத்தில் ஓடினாள் என்பதே எனக்குப் பெரிய பேறு. அதற்கு முன் எத்தனையோ ஆண்டுகள் அந்தக் கதவுகள் எங்களுக்கு மூடியே இருந்தன. போட்டி நடக்கப்போகும் ஊர்க்காரர்கள் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியது இது. போட்டிக்குப் பிறகு இந்த மைதானம் வாரத்தில் எத்தனை மணி நேரம், என்ன கட்டணத்தில், ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும்?

நிலைத்த நன்மைகளில் பெரியது மெட்ரோ. மத்தியச் செயலகத்திலிருந்து நேரு மைதானம், ஜங்புரா வழியாகத் தெற்கே போகும் வழித்தடம் தொடக்க விழா நடந்த அன்றே திறக்கப்பட்டது. ஆள் இறங்குவதற்குள் ஓட்டத் தொடங்கும் தனியார் பேருந்துகளில் பன்னிரண்டு ஆண்டுகள் பயந்து பயந்து அலுவலகம் போன எனக்கு, அந்த ரயில் ஒரு புது வாழ்வு. ஓய்வு பெறும்வரை அதில்தான் போனேன். தாழ்தளப் பேருந்துகள் பெருகியதால் மாமியாரால் தாமாகவே ஏறி இறங்க முடிந்தது. விமான நிலையத்தின் மூன்றாம் முனையமும் அந்த ஆண்டு ஜூலையில் திறக்கப்பட்டதுதான். ஆனால் இவற்றை உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். மெட்ரோவும் விமான நிலையமும் பேருந்தும் போட்டி வராவிட்டாலும் தில்லிக்கு வேண்டியிருந்தவை. போட்டி அவற்றை விரைவுபடுத்தியது, அவ்வளவுதான். அதிலும் விமான நிலையத்துக்கான மெட்ரோ போட்டி முடிந்து நான்கு மாதம் கழித்து, 2011 பிப்ரவரியில்தான் ஓடத் தொடங்கியது. கன்னாட் பிளேஸ் சீரமைப்போ போட்டிக்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. போட்டிக்காகவே கட்டியவற்றில் பல அந்தப் பன்னிரண்டு நாட்களோடு பயன் குறைந்து நின்றுவிட்டன. போட்டியாளர் குடியிருப்பின் வீடுகளில் பல வெகுகாலம் ஆளின்றிக் கிடந்தன. எந்த ஒரு பணியைக் காட்டினாலும், போட்டி இல்லாமலும் இது நமக்கு வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்று பதில் வருகிற பணிகளுக்கு மட்டும் ஊர் மகிழலாம்.

இனி வீட்டுப் பேச்சு. ஜங்புரா எக்ஸ்டென்ஷனில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம், வெளிநாட்டார் வந்து குவிவார்கள் என்ற பேச்சை நம்பி, காலை உணவோடு தங்கும் விடுதித் திட்டத்தில் பதிவு செய்து, மேல்மாடியின் மூன்று அறைகளுக்கும் குளிர்சாதனமும் வெந்நீர்க் கலனும் புதுக் கட்டில்களும் கடன் வாங்கிப் போட்டது. பாலம் விழுந்த படமும் டெங்குச் செய்தியும் உலகெங்கும் போன பிறகு பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. அந்த இரண்டு வாரங்களில் இரண்டு அறைகளுக்கு ஆறு நாட்கள்தான் ஆள் இருந்தது. ஆனால் அதே அறைகள் அடுத்த ஆண்டு, பக்கத்து மருத்துவமனைகளுக்குச் சிகிச்சைக்கு வரும் குடும்பங்களால் நிரம்பின, கடனும் அடைந்தது. போட்டிக்காகப் போட்ட கணக்கு தோற்று, ஊரின் அன்றாடத் தேவையை ஒட்டிய கணக்கு வென்றது. ஆகவே என் அக்கா மகளிடம் சொன்னேன்: அந்த வீட்டில் நீ குடியிருக்கப்போகிறாய் என்றால், உன் அலுவலகத்துக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் அங்கிருந்து எத்தனை நிமிடம் என்று பார்த்து முடிவு செய். விலை ஏறும் என்று மட்டும் நினைத்து வாங்குவதாக இருந்தால், மாதத் தவணையை 2031-இல் கிடைக்கக்கூடிய சாதாரண வாடகையோடு ஒப்பிடு, 2030-இன் இரண்டு வார வாடகையோடு ஒப்பிடாதே. கட்டுநர் வாக்களிக்கும் சாலையும் பூங்காவும் நகரத் திட்ட வரைபடத்தில் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று பதிவேட்டில் பார். அந்த நிலத்தில் முன்பு யாராவது குடியிருந்தார்களா என்றும் கேள். ஐந்து ஆண்டுத் தூசியையும் கணக்கில் சேர்த்துக்கொள், உன் மாமனாருக்கும் மூச்சுத் தொல்லை உண்டு.

2010-இல் இடிபடாமல் தப்பிய பகுதி, ஊர்க்காரர்கள் மதராஸி கேம்ப் என்று அழைத்த இடம், அக்காவின் தங்கை வாழ்ந்த இடம். 2025 ஜூன் 1-ஆம் தேதி அதுவும் இடிக்கப்பட்டது. இம்முறை விளையாட்டுப் போட்டி காரணம் அல்ல. மழைநீர் வடியாமல் நாலா அடைபடுகிறது என்ற வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி அது நடந்தது. 370 வீடுகளில் 189 குடும்பங்கள் மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதியானவை என்று பட்டியல் சொன்னது, அவர்களுக்கும் நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில்தான் இடம். அக்காவின் தங்கை பெயர் பட்டியலில் இருந்தது. 2010-க்குப் பிறகு அக்கா அவரைச் சும்மா விடவில்லை. ஒவ்வொரு தாளையும் சேர்க்க வைத்தார், இரண்டு முறை எழுத்துப் பிழை திருத்த வைத்தார், ஒரு தொகுதி நகலை என்னிடம் கொடுத்து வைத்தார்.

இதைக் கேட்ட மறு வாரம் என் அக்கா மகள் மீண்டும் அழைத்தாள். வீட்டு விஷயத்தை அவளும் மாப்பிள்ளையும் இன்னும் யோசிக்கிறார்களாம். அதற்கு முன், தன் வீட்டில் துணி துவைக்க வரும் அம்மாளைத் தாள்களோடு வரச் சொன்னாளாம். சாபர்மதிப் பக்கம் வாடகைக்குக் குடியிருப்பவராம் அவர். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் வேறு பெயர், வாக்காளர் அட்டையே இல்லை. வரும் சனிக்கிழமை மாப்பிள்ளை அவரைத் திருத்த முகாமுக்கு அழைத்துப் போகிறார். அன்றைய கூலியையும் முன்னதாகவே கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.